குழந்தைகளின் சிறுநீரகப் புற்றுநோய்: "எந்த வழியில் வந்தது?" என்ற கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோயைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அறிகுறிகளையும் சிகிச்சையையும் எளிமையாக எடுத்துச் சொன்ன அக்கட்டுரை, குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த நோய் இல்லையென்றால் அது மரபுவழி வந்ததாக இருக்காது என்ற பொருளில் முடிந்திருந்தது. மரபியல் ஆலோசகராகப் பணியாற்றும் என்னால் அந்த ஒரு வரியைக் கடந்துபோக முடியவில்லை. அதை நம்பி, தொடர்ந்து கண்காணிக்கப்பட வேண்டிய குழந்தைகள் கண்காணிப்பின்றி விடப்படுகிறார்கள். அதே வரியைத் திருப்பிப் போட்டு, குழந்தைக்கு வந்திருப்பதால் தாய்வீட்டில் யாருக்கோ இருந்ததை மறைத்துவிட்டார்கள் என்று பேசும் குடும்பங்களையும் நான் பார்த்துவருகிறேன். இரண்டுமே தவறு என்பதால், சற்று விரிவாகவே எழுத நேர்கிறது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் சொல்லவருவது வில்ம்ஸ் கட்டியைப் பற்றி. 1899ஆம் ஆண்டில் இந்தக் கட்டிகளைப் பற்றி விரிவாக எழுதிய ஜெர்மானிய அறுவை மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. குழந்தைகளின் சிறுநீரகப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பது இதுதான். பெரும்பாலும் மூன்று, நான்கு வயதில், நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும் பிள்ளையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, விலாவுக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருப்பது தாயின் கைக்குத்தான் முதலில் தட்டுப்படுகிறது. (அப்படித் தட்டுப்பட்டால், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் மாறிமாறி வயிற்றை அமுக்கிப் பார்க்கக் கூடாது, கட்டி உடைந்தால் புற்றணுக்கள் வயிற்றுக்குள் பரவக்கூடும். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.) அறுவைச் சிகிச்சை, நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படும் வின்கிறிஸ்டின் உள்ளிட்ட மருந்துகள், தேவைப்படுவோருக்குக் கதிர்வீச்சு ஆகியவற்றால், நல்ல வசதிகளுள்ள நாடுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ தொண்ணூறு குழந்தைகள் குணமடைகிறார்கள்.

இந்தக் கட்டி எங்கிருந்து தொடங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மரபணுக் கதை பாதி விளங்கிவிடும். கருவில் சிறுநீரகம் உருவாகும்போது, இன்னதென்று முடிவாகாத இளம் செல்கள் சிறிது சிறிதாகச் சிறுநீரை வடிகட்டும் நுண்ணமைப்புகளாக மாறுகின்றன. கருவுற்ற 36ஆவது வாரத்தையொட்டி இந்த வேலை முடிந்துவிட வேண்டும். சில குழந்தைகளின் சிறுநீரகத்தில் அந்த இளம் செல்களின் சிறுசிறு கூட்டங்கள் மாற்றமடையாமல் அப்படியே தங்கிவிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை தாமே மறைந்துவிடும். ஏதோ ஒன்று மட்டும் வளரத் தொடங்கிக் கட்டியாகிறது. ஆகவே இது, வெளியிலிருந்து வந்து தாக்கும் நோயாக அல்லாமல், உறுப்பு உருவாகும் வேலையில் நேரும் பிழையாகவே தொடங்குகிறது. தாய் உண்ட உணவோ, கிரகணத்தன்று வெளியே போனதோ இதற்குக் காரணமில்லை என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் சொல்ல வேண்டியிருக்கிறது, இங்கும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பிழைக்குப் பின்னால் இருக்கும் மரபணு எது என்ற தேடல் கண்ணிலிருந்து தொடங்கியது. 1964இல் அமெரிக்காவில் மில்லர், ஃப்ராமெனி, மானிங் ஆகியோர் வில்ம்ஸ் கட்டி வந்த 440 குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தபோது, அவர்களில் ஆறு பேருக்குக் கண்ணின் கருமணியைச் சுற்றியிருக்க வேண்டிய நிறவளையமான ஐரிஸ் பிறவியிலேயே இல்லாதிருந்ததைக் கண்டார்கள். பல்லாயிரத்தில் ஒருவருக்கு மட்டுமே காணப்படும் குறைபாடு 440 பேரில் ஆறு பேருக்கு இருந்தது தற்செயலாக இருக்க முடியாது. இத்தகைய குழந்தைகளின் செல்களில் மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், 11ஆம் குரோமோசோமின் குறுங்கையில் (அதன் இரு கைகளில் குட்டையானதில்) ஒரு சிறு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டறிந்தார்கள். அந்தத் துண்டுக்குள் தேடித்தான் 1990இல் டபிள்யூடி1 என்ற மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. இளம் செல்களைச் சிறுநீரக அமைப்புகளாக மாறச் செய்வதில் இதற்கு முதன்மையான பங்கு உண்டு. இந்த மரபணு முற்றிலும் நீக்கப்பட்ட எலிக் கருக்களில் சிறுநீரகமே உருவாகவில்லை என்பது 1993இல் தெரியவந்தது. கண்ணின் ஐரிஸ் உருவாகத் தேவையான பாக்ஸ்6 என்ற மரபணு, டபிள்யூடி1இன் அண்டைவீட்டில் இருக்கிறது. விடுபட்ட துண்டு நீளமானதாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடுகின்றன. அப்படிப் பிறந்த குழந்தைக்கு ஐரிஸ் இருக்காது. பிறப்புறுப்பு, சிறுநீர்ப்பாதைக் குறைபாடுகளும் கற்றலில் தாமதமும் சேர்ந்து வரலாம். வில்ம்ஸ் கட்டி வரும் வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதி.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஐரிஸ் இல்லாமல் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த ஆபத்து இல்லை. பாக்ஸ்6 மரபணு மட்டும் பழுதாகி, டபிள்யூடி1 முழுதாக இருந்தால் சிறுநீரகத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. வெயிலில் கண்ணைத் திறக்க முடியாமல் முகத்தைச் சுளிக்கும் பிள்ளையை, கண்ணில் நிறமே இல்லாமல் முழுவதும் கருப்பாகத் தெரிகிறதே என்று கண் மருத்துவரிடம் கொண்டுவருகிறார்கள். இரத்தத்தில் செய்யும் ஒரு மரபணுப் பரிசோதனை, அந்தப் பிள்ளைக்குப் பல ஆண்டுகள் ஸ்கேன் எடுக்க வேண்டுமா, வேண்டாமா என்பதைச் சொல்லிவிடும். தேவையில்லை என்று தெரிந்தால் அந்தப் பெற்றோரின் நிம்மதி எவ்வளவு பெரியது என்பதை நேரில் கண்டிருக்கிறேன். தேவை என்று தெரிந்தாலோ, கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே அதைப் பிடித்துவிட வழியிருக்கிறது. கண்ணுக்கு மட்டும் மருந்தெழுதி அனுப்பப்பட்டு, சில ஆண்டுகள் கழித்து வயிற்றில் பெரிய கட்டியோடு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போதுதான் மனம் ஆறுவதில்லை.

இனி, "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே" என்பதற்கு வருகிறேன். ஆலோசனைக்கு வரும் குடும்பத்தோடு உட்கார்ந்து நாங்கள் முதலில் செய்வது, ஒரு தாளில் மூன்று தலைமுறைக் குடும்பப் படம் வரைவது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுற்றவருக்கு நிழலிட்ட கட்டம். தாத்தா, பாட்டி, அத்தை, மாமா, சித்தப்பா என்று அத்தனை பேரையும் வரைந்து முடித்தாலும், பெரும்பாலான படங்களில் கீழ்வரிசையில் அந்தக் குழந்தையின் கட்டம் ஒன்றுதான் நிழலிடப்பட்டிருக்கும். வில்ம்ஸ் கட்டி வந்த குழந்தைகளில், குடும்பத்தில் இன்னொருவருக்கும் அது இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பேரே. ஆனால் பிறவியிலேயே அமைந்த மரபணு அல்லது மரபணுக் கட்டுப்பாட்டு மாற்றத்தால் இந்த நோய்க்கு ஆளானவர்கள் பத்தில் ஒருவராவது இருப்பார்கள் என்பது இன்றைய கணிப்பு. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பெரிய இடைவெளியைத்தான் கட்டுரையின் அந்த வரி மறைத்துவிடுகிறது.

இடைவெளிக்கு முதல் காரணம், மாற்றம் புதிதாகத் தோன்றுவது. தாயின் இரத்தத்திலும் இல்லை, தந்தையின் இரத்தத்திலும் இல்லை. கரு உருவாகக் காரணமான முட்டையிலோ விந்தணுவிலோ நேர்ந்த மாற்றம், குழந்தையின் உடலிலுள்ள எல்லாச் செல்களிலும் இருக்கும். டபிள்யூடி1 தொடர்பான மாற்றங்களில் மிகப் பல இந்த வகையைச் சேர்ந்தவை. மருமகளைக் கைகாட்டும் குடும்பங்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன்: 11ஆம் குரோமோசோமில் புதிதாக நேரும் அந்தத் துண்டிழப்பு, பெரும்பாலும் தந்தையிடமிருந்து வந்த குரோமோசோமில்தான் காணப்படுகிறது. இதைச் சொல்வது பழியைத் தந்தையின் தலைக்கு மாற்றுவதற்காக அன்று. கோடிக்கணக்கில் விந்தணுக்கள் உருவாகும்போது டிஎன்ஏவைப் படியெடுப்பதில் நேரும் பிழைக்கு எந்தத் தந்தையும் பொறுப்பாக முடியாது. ஆனாலும் அந்தக் குழந்தை வளர்ந்து பெற்றோராகும்போது, தன் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அதைக் கொடுக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. முன்னோரிடமிருந்து வராத ஒன்று இந்தத் தலைமுறையில் தொடங்கி அடுத்த தலைமுறைக்குப் போகக்கூடும்.

டபிள்யூடி1இன் டிஎன்ஏ எழுத்துகளில் ஒரே ஒன்று மாறினாலும் போதும், வேறு வகைத் துன்பம் தொடங்கிவிடுகிறது. டெனிஸ்-டிராஷ் என்ற கூட்டு நோயில், கைக்குழந்தைப் பருவத்திலேயே சிறுநீரில் புரதம் கசிந்து, முகமும் காலும் வீங்கி, ஸ்டீராய்டு மருந்துக்கும் கட்டுப்படாமல் சிறுநீரகம் செயலிழக்கிறது. ஆண் குழந்தைகளுக்குப் பிறப்புறுப்பு தெளிவாக அமையாதிருக்கலாம். வில்ம்ஸ் கட்டி வரும் வாய்ப்பும் மிக அதிகம். எனவே விதை இறங்காமலும் சிறுநீர்த் துவாரம் இடம் மாறியும் பிறந்த ஆண் குழந்தைக்குச் சிறுநீரில் புரதமும் சேர்ந்து காணப்பட்டால், இந்த மரபணுவைப் பார்த்தே ஆக வேண்டும். இந்த மாற்றம் உள்ள குழந்தையின் இரண்டு சிறுநீரகங்களுக்குமே ஆபத்து இருப்பதால், முழுச் சிறுநீரகத்தையும் எடுக்காமல் கட்டியிருக்கும் பகுதியை மட்டும் எடுக்க முடியுமா என்று அறுவை மருத்துவர் யோசிக்க வேண்டியிருக்கும். பரிசோதனை முடிவு கோப்பில் உறங்கும் காகிதமாக இல்லாமல், அறுவை அரங்கில் எடுக்கும் முடிவையே மாற்றக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1972இல் நட்சன், ஸ்ட்ராங் என்ற இருவர், கண்ணில் வரும் புற்றுநோயான ரெட்டினோபிளாஸ்டோமாவுக்குச் சொன்ன விளக்கத்தை வில்ம்ஸ் கட்டிக்கும் பொருத்திப் பார்த்தார்கள். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வந்த, ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாகும்போதுதான் கட்டி தோன்றுகிறது. ஒரு பிரதி பிறவியிலேயே பழுதாக இருப்பவர்களுக்கு இன்னொன்று பழுதானாலே போதும் என்பதால், அவர்களுக்கு இளம் வயதிலேயே, சில வேளைகளில் இரு பக்கமும் கட்டி வருகிறது. இந்த அடிப்படை இன்றும் நிற்கிறது. ஆனால் வில்ம்ஸ் கட்டிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மரபுவழி வந்தவையாக இருக்கும் என்ற அவர்களது மதிப்பீடு நிற்கவில்லை. ரெட்டினோபிளாஸ்டோமாவில் ஏறக்குறைய எல்லாமே ஒரே மரபணுவில் முடிந்துவிட, இங்கே மரபணுக்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. 2014இல் சிடிஆர்9, 2015இல் ரெஸ்ட், அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ட்ரிம்28 என்று, குடும்பங்களில் தொடரும் கட்டிகளுக்குக் காரணமான மரபணுக்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. இந்த மரபணுக்களில் மாற்றத்தைச் சுமக்கும் எல்லோருக்கும் கட்டி வருவதில்லை; தந்தை எந்த நோயும் இல்லாமல் வாழ்ந்துகொண்டிருக்க, அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கு வரலாம். ட்ரிம்28 மாற்றமோ பெரும்பாலும் தாய்வழியில் வரும்போது நோயாகிறது. தந்தைவழியில் ஒரு தலைமுறை அமைதியாகக் கடந்து, மகளின் பிள்ளைகளிடம் அது வெளிப்படக்கூடும் என்பதால், நாங்கள் வரையும் படத்தில் நிழலில்லாத கட்டங்களை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்துவிட முடியாது.

மரபணுவின் எழுத்துகள் ஒன்றுகூட மாறாமல் வரும் வகையும் உண்டு. அதே 11ஆம் குரோமோசோமின் நுனியில் ஐஜிஎஃப்2 என்ற வளர்ச்சி மரபணு இருக்கிறது. தந்தையிடமிருந்து வந்த பிரதி மட்டும் வேலைசெய்ய, தாயிடமிருந்து வந்த பிரதி ஓய்ந்திருப்பதே இயல்பு. கருவின் தொடக்க நாட்களில் இந்த ஏற்பாடு குலைந்து இரண்டு பிரதிகளும் வேலைசெய்யத் தொடங்கினால், வளர்ச்சி அளவுக்கு மீறிப் போகிறது. பெக்வித்-வீடமான் என்ற இந்த நிலையில் பிள்ளை பெரிய உடலோடு பிறக்கலாம். நாக்கு வாய்க்குள் அடங்காமல் துருத்தலாம். தொப்புள் பகுதியில் குடல் பிதுங்கியிருக்கலாம். சிலருக்கோ வெளியில் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடப் பெரிதாக வளர்வது. ஒரு காலில் கொலுசு இறுகித் தழும்பு விழ, மறுகாலில் அதே அளவுக் கொலுசு கழன்று விழுகிறது என்று ஒரு பாட்டி சொல்லித்தான் அப்படியொரு குழந்தையை நாங்கள் அடையாளம் கண்டோம். இந்த நிலையிலும் ஆபத்து எல்லோருக்கும் ஒன்றல்ல. எச்19 என்ற பகுதியில் கட்டுப்பாடு குலைந்த குழந்தைகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வில்ம்ஸ் கட்டி வரலாம். பக்கத்திலுள்ள இன்னொரு கட்டுப்பாட்டுப் பகுதி குலைந்தவர்களுக்கோ நூற்றில் ஒருவருக்கும் குறைவு. எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் எல்லாப் பெற்றோரையும் ஒன்றுபோல் பயமுறுத்துவதும், எல்லோருக்கும் ஒன்றுபோல் ஆறுதல் சொல்வதும் பொறுப்பான செயல் ஆகாது. இந்த மாற்றம் உடலின் சில செல்களில் மட்டும் இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019இல் பிரிட்டனிலிருந்து வெளிவந்த ஆய்வு, வில்ம்ஸ் கட்டி வந்த பல குழந்தைகளின் சிறுநீரகத்தில், பார்வைக்கு இயல்பாகத் தெரிந்த பகுதிகளிலேயே கட்டிக்கு முன்னோடியான மாற்றங்கள் பரவியிருந்ததைக் காட்டியது. இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்ற ஒரே காரணத்தால் கோப்பை மூடிவிடக் கூடாது.

நம் ஊரில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி, சொந்தத்தில் திருமணம் செய்ததால் வந்ததா என்பது. மேலே சொன்ன டபிள்யூடி1, ரெஸ்ட், ட்ரிம்28, பெக்வித்-வீடமான் எதற்கும் அத்தை மகன், மாமன் மகள் திருமணம் காரணமில்லை. ஆபத்தைக் கொண்டுவர, பிறவியில் ஒரு பிரதியில் இருக்கும் மாற்றமே அங்கே போதுமானது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மட்டுமே தோன்றும் சில அரிய நோய்களில் உறவுமுறைத் திருமணத்துக்குப் பங்கு உண்டு. டிஐஎஸ்3எல்2 மரபணுவால் வரும் பெர்ல்மன் நோய், பிஆர்சிஏ2 மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாவதால் வரும் ஒருவகை ஃபான்கோனி இரத்தசோகை, குரோமோசோம்களின் எண்ணிக்கையே செல்லுக்குச் செல் மாறிப்போகும் ஒரு நோய் ஆகியவை அத்தகையவை. அவற்றில் ஒன்று உறுதியானால் அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அதனால்தான் குறிப்பாக எந்த மரபணு என்று தெரிந்த பிறகே ஆலோசனை சொல்ல முடியும். திருமண உறவைக் காட்டிப் பொதுவாகக் குற்றஞ்சாட்டுவதால், ஏற்கெனவே துவண்டிருக்கும் இரண்டு பேரை மேலும் வருத்துவதைத் தவிர வேறெதுவும் நடக்காது.

ஆபத்து இருப்பதாகத் தெரிந்த குழந்தைக்குச் செய்ய வேண்டியது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், ஏழு வயது நிறையும் வரை. அவ்வளவுதான். கதிர்வீச்சு கிடையாது, மயக்கமருந்து தேவையில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனை வரை இந்தக் கருவி இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது, இந்தக் கட்டி அவ்வளவு விரைவாக வளரும், இரண்டு ஸ்கேன்களுக்கு இடையில் ஆறு மாதம் விட்டாலே கட்டி முற்றிவிடக்கூடும். ஸ்கேன் எடுப்பதால் கட்டி வராமல் போகாது. சிறியதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் மருந்தும் குறையும், கதிர்வீச்சைத் தவிர்க்கவும் சிறுநீரகத்தின் பெரும்பகுதியைக் காப்பாற்றவும் கூடும். மாற்றம் பெற்றோரில் ஒருவரிடமும் இருப்பது உறுதியானால், நலமாகத் தெரியும் அண்ணன், தங்கைகளையும் சோதித்து, மாற்றம் இருப்பவர்களை மட்டும் இந்தக் கண்காணிப்பில் சேர்க்க வேண்டும். பெற்றோரிடம் மாற்றம் இல்லையென்று தெரிந்தாலும், அவர்களின் முட்டைகளிலோ விந்தணுக்களிலோ சிலவற்றில் மட்டும் அது ஒளிந்திருக்கும் வாய்ப்பு சிறிதளவு உண்டு என்பதால், அடுத்த குழந்தையைப் பற்றியும் ஆலோசகரிடம் பேசிவிடுவது நல்லது.

குணமடைந்து வளர்ந்த பெண்களின் திருமணத்தைப் பற்றியும் எழுதாமல் முடிக்க மனமில்லை. சிறு வயதில் ஒரு சிறுநீரகம் எடுக்கப்பட்ட பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது, பிறக்கும் பிள்ளைக்கும் வருமோ என்ற அச்சத்தில் உண்மையை மறைக்கிறார்கள். பின்னர் தெரியவந்து வாழ்க்கை சிதைகிறது. ஒரு பக்கம் மட்டும் கட்டி வந்து, வேறு அறிகுறிகளும் குடும்ப வரலாறும் இல்லாதவர்களின் பிள்ளைகளுக்கு இது வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு பக்கக் கட்டியிலிருந்து குணமடைந்தவர்களுக்குப் பிறந்த 179 பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட வில்ம்ஸ் கட்டி வரவில்லை என்று 1988இல் ஓர் ஆய்வு பதிவுசெய்தது. இரு பக்கமும் வந்தவர்களும், மரபணு மாற்றம் உறுதியானவர்களும் கருவுறுவதற்கு முன்பே ஆலோசனை பெற வேண்டும். இவற்றை இரு வீட்டாரையும் உட்கார வைத்து வெளிப்படையாகப் பேசலாம். நான் பேசியிருக்கிறேன், அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அக்கட்டுரையின் அந்த வரிக்குத் திருத்தம் வெளியிட்டு, அதனுடன் இந்த அடையாளங்களையும் அச்சிட வேண்டும்: கண்ணில் ஐரிஸ் இல்லாமல் பிறந்த குழந்தை, உடலின் ஒரு பக்கம் பெரிதாக வளரும் குழந்தை, வாயில் அடங்காத நாக்கோடு பிறந்த குழந்தை, பிறப்புறுப்புக் குறைபாட்டோடு சிறுநீரில் புரதம் கசியும் குழந்தை, இரண்டு சிறுநீரகங்களிலும் கட்டி கண்ட குழந்தை. இவர்களில் எவருக்கும், குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்ற காரணத்தால் மரபணுப் பரிசோதனை மறுக்கப்படக் கூடாது. மக்கள் நல்வாழ்வுத் துறை இதைக் கவனிக்குமானால், அரசு மருத்துவமனைகளின் கண் பிரிவிலும் குழந்தை அறுவைச் சிகிச்சைப் பிரிவிலும் இத்தகைய குழந்தை பதிவாகும் அன்றே, மூன்று மாத ஸ்கேன் தேதிகள் எழுதிய ஓர் அட்டையைத் தாயின் கையில் கொடுத்தனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து நாள் தவறாமல் வரும் நம் தாய்மார்கள் இதற்கும் வருவார்கள்.

இப்படிக்கு,
மரபியல் ஆலோசகர் ஒருவர்,
மதுரை.